ஆனந்தா நீலம்

ஜோதிமணி யாரையும் நம்ப மாட்டாள். நம்பாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

சின்னாளபட்டியில் ஒரு நெசவாளர் சங்கத்தில் இருபத்தாறு வருஷமாக அவள் சாயம் பார்க்கிறவள். சாயப்பட்டறையிலிருந்து வருகிற நூல் கட்டு, அதாவது சிட்டம், ஒவ்வொன்றும் தறிக்குப் போவதற்கு முன்னால் அவள் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். மாதிரி அட்டையில் இருக்கிற நிறமும் நூலில் இருக்கிற நிறமும் ஒன்றுதானா, நடுவில் எங்காவது வெளுத்திருக்கிறதா, ஈரத்துணியால் தேய்த்தால் ஒட்டுகிறதா என்று பார்த்து, சரி என்பாள், இல்லாவிட்டால் தள்ளு என்பாள். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அவள் தள்ளியதைத் தூக்கிக்கொண்டு தலைவரிடம் போனவர்கள் உண்டு. ஜெயித்துத் திரும்பியவர்கள் கிடையாது.

அவள் பார்க்கிற விதமே தனி. இரண்டு நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றைப் பற்றி மற்றது பொய் சொல்லும் என்பது அவள் கட்சி. மஞ்சளுக்குப் பக்கத்தில் சாம்பல் நூலை வைத்துப் பாருங்கள், அது நீலம்போலப் பாவனை காட்டும். அதனால் ஜோதிமணி வடக்கு ஜன்னலோரம் போய் நிற்பாள். வலது கையை முஷ்டி பிடித்து, நடுவில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை விட்டு, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது கண்ணை அந்த ஓட்டையில் வைப்பாள். ஒரு சமயத்தில் ஒரே நிறம். அக்கம்பக்கத்துச் சிபாரிசு எதுவும் செல்லாது. ஐம்பத்து மூன்று வயதிலும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறாள். ஆறு வருஷத்துக்கு முன் வாங்கின வாசிப்புக் கண்ணாடிகூட இப்போதெல்லாம் வேண்டியிருப்பதில்லை என்று அலமாரியில் போட்டுவிட்டாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம்.

இப்படிப்பட்டவளின் வீட்டுக்காரர் தினமும் இருட்டியதும் மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தால் என்ன ஆகும்?

தங்கமுத்து நிலக்கோட்டைப் பூச்சந்தையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பூ வேன் ஓட்டுகிறவர். விடிவதற்குள் மல்லிகை மூட்டைகளை ஏற்றி இறக்கிவிட்டு, காலைப் பலகாரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். பகல் தூக்கம் முடிந்தால் சாயந்தரம் சும்மாதான். அந்த மனிதர் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், "செத்த நேரம் மேல இருந்துட்டு வாரேன்" என்று படியேறினார். மறுநாளும் ஏறினார். மூன்றாம் நாள் ஜோதிமணிக்கு மூக்கில் வியர்த்தது. போனைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறாரே, ஏன்? காலில் செருப்பில்லாமல், சத்தமில்லாமல் பின்னால் ஏறினாள்.

மாடியில், போர்வெல் குழாய் அளவுக்குப் பருத்த ஒரு வெள்ளைக் குழல் மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் முளைத்த ஒரு சின்னக் கண்ணாடியில் தங்கமுத்து கண்ணை வைத்துக் குனிந்திருந்தார். ஜோதிமணி அவரை விலக்கிவிட்டு, முதலில் குழலின் முதுகோடு பார்வையை ஓட்டினாள். எதிர் மாடியா, மூலைவீட்டு ஜன்னலா? இரண்டும் இல்லை. வானத்தில் ஒரு நட்சத்திரம். அப்போதும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

தொலைநோக்கி வந்த கதையை அவர் சொன்னார். சேவுகம்பட்டிப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிளாரா டீச்சர், மகனோடு இருக்க பெங்களூருக்குப் போகிறார். வீட்டுச் சாமானை ரயிலடிக்குக் கொண்டுபோனது தங்கமுத்துவின் வேன். கடைசியில் இந்தக் குழல் மட்டும் மிஞ்சியது. மகன் இருக்கிற அடுக்குமாடியில் வானமே தெரியாதாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு புத்தகத்தோடு கொடுத்துவிட்டாராம். சும்மாவா கொடுத்தார்? ஜோதிமணி மறுநாளே பெங்களூருக்குப் போன் போட்டாள். டீச்சர் சிரித்துவிட்டு அரைமணி நேரம் நட்சத்திரத்தைப் பற்றியே பேசினார். சந்தேகத்தில் முக்கால்வாசி தீர்ந்தது. மிச்சத்தை ஜோதிமணி கையிருப்பாக வைத்துக்கொண்டாள்.

டீச்சர் சொன்னது இதுதான். வெறும் கண்ணுக்கு ஒற்றையாகத் தெரிகிற பல நட்சத்திரங்கள் உண்மையில் இரட்டை. சிலது மூன்று, நான்கு. தொலைநோக்கியில் பார்த்தால் பிரிந்து நிற்கும், அதுவும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில். அன்னப்பறவை மாதிரிச் சிறகு விரித்த நட்சத்திரக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அந்த அன்னத்தின் மூக்கு நுனியில் இருப்பது ஆல்பிரியோ. அதுதான் இரட்டைகளிலேயே அழகு.

தங்கமுத்து அந்த மூக்கைப் பிடித்து வைத்து, அவளைப் பார்க்கச் சொன்னார். அவருடைய நோட்டில் 'மஞ்சள், நீலம்' என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். ஜோதிமணி இடது கண்ணை மூடி, வலது கண்ணை வைத்தாள். பழக்கம் எங்கே போகும்?

"அந்த மஞ்சளை வெளிய தள்ளுங்க," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

அவருக்குப் புரியவில்லை. மஞ்சள் பக்கத்தில் நின்றுகொண்டு இன்னொன்றை நீலமாகக் காட்டுகிறதோ என்பது அவள் சந்தேகம். அவர் திருகைத் திருகினார். மஞ்சள் நட்சத்திரம் வட்டத்தின் ஓரத்துக்குப் போய் மறைந்தது. மற்றது மட்டும் தனியாக நின்றது. அப்போதும் அது நீலமாகவே இருந்தது.

"இது பொய்யில்ல," என்றாள் ஜோதிமணி. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம். "மஞ்சளாம், நீலமாம். சாயம் தெரியாத மனுசன் எழுதுற எழுத்து. அது மாம்பழ மஞ்சள். இது ஆனந்தா நீலம். அடிச்சிட்டு எழுதுங்க."

அன்றிலிருந்து அவர் கண்டுபிடிப்பதும் அவள் பெயர் சொல்வதும் என்று ஆனது. வடக்கே ஓர் இரட்டைக்குத் துவரம்பருப்பும் மயில்கழுத்தும் என்று பெயர் விழுந்தது. இன்னொன்று எலுமிச்சையும் வெளிறிய கிளிப்பச்சையும். அன்னத்தின் சிறகுப் பக்கம் மூன்றாக நின்ற ஒரு கூட்டத்துக்கு, உடல் ஆரஞ்சு மிட்டாய், இரண்டு கரையும் நீலம் என்று சேலைக்குச் சொல்வதுபோலவே சொன்னாள். முப்பத்தெட்டுக் கூட்டங்கள் அந்த நோட்டில் ஏறின. பூச்சந்தை, பட்டறை, பலகாரம், வெஞ்சனம் என்று இருபத்தெட்டு வருஷம் பேசித் தீர்த்த இருவருக்கும் பேச ஒரு புதுச் சங்கதி கிடைத்தது. ஜோதிமணி அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் ஏழு மணி ஆனால் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு அவளாகவே படியேறுவாள்.

போட்டோ எடுப்பதுதான் சிரமமாக இருந்தது. கண் வைக்கிற இடத்தில் ஒரு கவ்வியை மாட்டி, அதில் போனைப் பொருத்தி எடுத்தால், நிறம் எல்லாம் எரிந்து இரண்டு வெள்ளைப் புள்ளிதான் விழுந்தது. வழி சொன்னவள் ஜோதிமணிதான். சங்கத்துக்குச் சாயம் தோய்க்கிற சங்கிலி என்பவன் தன் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் துணியில் விடுவான். சொட்டு விரிய விரிய நிறத்தின் குணம் தெரியும். அது மாதிரி நட்சத்திரத்தையும் கொஞ்சம் விரித்துப் பார்த்தால் என்ன? தங்கமுத்து குவியத்தை ஒரு நூலளவு கலைத்தார். புள்ளி பொட்டானது. பொட்டுக்குள் நிறம் வந்துவிட்டது. நூறு படங்களில் நல்லதாக நாலைப் பொறுக்கி, போனிலேயே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, திண்டுக்கல்லில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு வந்தார். மாம்பழ மஞ்சளும் ஆனந்தா நீலமும் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கின.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷம் ஆவணியில் சங்கிலியின் நீலம் கெட்டது.

சங்கிலி, தங்கமுத்துவைப்போலவே எரியோட்டுக்காரன். இருபது வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்து, இரண்டு தொட்டி போட்டு, சங்கத்துக்குச் சாயம் தோய்த்துக் கொடுக்கிறான். அதிலும் ஆனந்தா நீலம் என்றால் அவன்தான். இருபது வருஷத்தில் அவன் நூலை ஜோதிமணி தள்ளியதே இல்லை. ஆவணியில் வந்த சிட்டத்தை அவள் முஷ்டி வழியாகப் பார்த்தாள். நீலத்துக்குள் சாம்பல் ஓடியது. தள்ளினாள். புரட்டாசியில் அதே கதை. ஐப்பசி முதல் வாரத்தில் மூன்றாவது முறை. மட்டமான சாயத்தைக் கலக்கிறான், இருபது வருஷப் பழக்கம் இருக்கிறதே, அக்கா கண்டுகொள்ள மாட்டாள் என்று நினைக்கிறான் என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரே பட்டறையின் நூல் மூன்று தடவை தள்ளுபடியானால், பட்டியலில் அதன் பெயரை வைத்திருப்பதா எடுப்பதா என்று கமிட்டி கூடித் தீர்மானிக்கும். இங்கே பெயர் எடுபட்டவனுக்கு வேறு எந்தச் சங்கமும் நூல் கொடுக்காது. சங்கிலிக்கு வேறு தொழில் தெரியாது. கமிட்டி அடுத்த திங்கட்கிழமை என்று முடிவானது. ஜோதிமணி வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றோடு அவன் கதை முடிந்தது.

இதில் கூத்து என்னவென்றால், அந்த நூலைப் பார்த்த வேறு யாருக்கும் குற்றம் தெரியவில்லை. சங்கத்துச் செயலாளர் மதன்குமார் சின்ன வயசுக்காரன். சிட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்று நினைத்திருக்கிறான். வாயைத் திறக்கவில்லை. அக்கா கண்ணுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று தன் கண்ணைத்தான் அவன் சந்தேகப்பட்டான். தறிக்காரர்களும் அப்படித்தான்.

சங்கிலி அவள் வீட்டுக்கே வந்து நின்றான். "யக்கா, சாயமும் அதே சாயம், தண்ணியும் அதே தண்ணி. இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்க," என்றான்.

"இருபத்தாறு வருசமாப் பாத்த கண்ணு, அப்பு. நீ போயி உன் தொட்டியப் பாரு."

அவன் போய்விட்டான். உட்காரக்கூட அவள் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் மழை விட்டு வானம் வெளுத்தது. ஒவ்வொரு வருஷமும் முதல் பார்வை ஆல்பிரியோவுக்குத்தான் என்பது வழக்கம். தங்கமுத்து நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். ஜோதிமணி வலது கண்ணை வைத்தாள். இப்போதெல்லாம் அவர் பார்த்த பிறகு அவள் பார்த்தால் குவியத் திருகை நன்றாகத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினாள். இரண்டு புள்ளிகள் கூர்மையாக வந்தன.

"எழுதுங்க. மாம்பழ மஞ்சள். பக்கத்துல இருக்கிறது சாம்பல்."

பேனா நின்றது. தங்கமுத்து நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி, முதல் வருஷம் அவள் சொன்னதை வாசித்தார்: ஆனந்தா நீலம். போன வருஷம் அவள் சொன்னதையும் வாசித்தார்: ஆனந்தாதான், ஆனால் ஒரு தண்ணீர் வெளுத்திருக்கிறது.

நட்சத்திரமும் துவைக்கத் துவைக்கச் சாயம் போகுமா என்று கேட்டாள். அவர் தான் பார்த்து, நல்ல நீலமாகத்தான் தெரிகிறது என்றார். ஆடி மாதத்தில் அவர் குழலின் அடிக்கண்ணாடியைக் கழற்றிக் கழுவியது அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. கழுவுகிற சாக்கில் எதையாவது மாற்றிவிட்டாரா? எதை மாற்ற, எதற்கு மாற்ற என்று அவர் கேட்டார். கேள்வியையே திருப்பிக் கேட்கிறாரே என்று சந்தேகம் இன்னும் பலமானது. அவர் போனைப் பொருத்திப் படம் எடுத்துக் காட்டினார். படத்தில் நீலம் பளிச்சென்று இருந்தது.

படத்தையா நம்புவாள்? ஜோதிமணியின் தொழிலில் போட்டோ என்றாலே திருட்டு. வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறவர்கள் படத்தில் நிறத்தை ஏற்றிப் போடுவதும், வாங்கினவர்கள் நேரில் வேறு நிறமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புவதும், அந்த வசவு முழுக்கச் சாயம் பார்த்தவள் தலையில் விடிவதும் தினசரி நடக்கிற கூத்து. விரலால் ஒரு இழுப்பு இழுத்தால் சாம்பல் நீலமாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆனால் வீட்டுக்காரர் எதற்காக இழுக்க வேண்டும்? இரண்டு நாள் கழித்து அதற்கும் விடை கிடைத்தது. கடைக்குப் போய்த் திரும்பியவள் மாடிப்படியில் ஏறும்போது மேலே பேச்சுச் சத்தம் கேட்டது. நின்றாள்.

"அண்ணே, இது நம்ம ஆனந்தாதானே," என்றது சங்கிலியின் குரல். "என் தொட்டியில கெடக்குறது அச்சு அசலா இதுதாண்ணே."

ஜோதிமணி கடைப்பையைப் படியிலேயே வைத்தாள். இவரும் எரியோடு, அவனும் எரியோடு. திங்கட்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கிறது. கட்டின பெண்டாட்டியின் கண்ணைக் கெட்டுப்போன கண் என்று நிரூபித்து ஊர்க்காரனைக் காப்பாற்றப் பார்க்கிறார் மனிதர். எல்லாம் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. சங்கிலி இறங்கிப் போகும் வரை இருட்டில் ஒதுங்கி நின்றுவிட்டு, மேலே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

"ரெண்டு எரியோட்டுக்காரரும் சேந்து என் தலையில மிளகா அரைக்கிறீகளா?"

தங்கமுத்து சண்டைக்காரர் இல்லை. போனைக் கவ்வியிலிருந்து எடுத்தார், நோட்டை மூடினார். "மணி, அந்த நோட்டுல என் வார்த்தை ஒண்ணுகூட இல்ல. அம்புட்டும் நீ சொன்னது," என்றார். அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் பேசவில்லை. சாப்பாட்டில் உப்பு கூடியபோதுகூடப் பேசவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாள். கல்யாண வீட்டு மாலைகளை ஏற்ற தங்கமுத்து மத்தியானமே நிலக்கோட்டைக்குப் போய்விட்டார். ஏழு மணிக்கு வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஜோதிமணி தனியாக மாடிக்குப் போனாள். இன்றைக்குக் குழலைத் தொட அவர் இல்லை, போன் இல்லை, சங்கிலி இல்லை. ஏமாற்றுவதற்கு ஆளே இல்லை. இன்றைக்குத் தெரிகிற நிறம்தான் நிஜ நிறம். நாளைக்குக் கமிட்டியில் அதே கண்ணோடு போய்ச் சொல்லலாம்.

தெருவில் புதிதாகப் போட்ட எல்.இ.டி. விளக்கு மாடியெல்லாம் வெள்ளையடித்ததால், தங்கமுத்து குழலைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குள் நகர்த்தி வைத்திருந்தார். அன்னத்தின் மூக்கு மேற்கே சாய்ந்திருந்தது. குழலை அதை நோக்கித் திருப்பியபோது, கண் வைக்கிற துண்டு தொட்டியை ஒட்டிப் போய் நின்றுவிட்டது. வலது கண்ணை வைக்கப் போனால் தலையின் இடப்பக்கம் சிமெண்டில் முட்டியது. இரண்டு தடவை முட்டிக்கொண்டாள். குழலைத் தூக்கி நகர்த்த அவளால் ஆகாது. சனியன் என்று திட்டிக்கொண்டே வலப்பக்கமாக நகர்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக இடது கண்ணை வைத்தாள். எல்லாம் கலங்கித் தெரிந்தது. திருகைத் திருப்பினாள்.

நீலம்.

எந்தச் சேலையிலும் அவள் பார்த்திராத, ஆனால் பார்த்த உடனே பெயர் தெரிகிற ஆனந்தா நீலம். பக்கத்தில் மாம்பழ மஞ்சள். அவள் முகத்தை எடுத்துச் சுற்றிலும் பார்த்தாள். மாடியில் யாரும் இல்லை. மஞ்சளை ஓரத்துக்குத் தள்ளி மறைத்தாள். நீலம் நீலமாகவே நின்றது. பிறகு தொட்டியில் கன்னத்தை அழுத்தி, கழுத்தைத் திருகி, தோல் உரிய உரிய எப்படியோ வலது கண்ணைக் கொண்டுவந்து வைத்தாள். திருகைத் திரும்பச் சரிசெய்தாள். சாம்பல்.

இடது கண், நீலம். வலது கண், சாம்பல். எட்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இருபத்தாறு வருஷமாக முஷ்டி வழியாகப் பார்த்தது இந்த வலது கண்ணால்தான். சாதாரணமாக நடக்க, சமைக்க, ஆளைப் பார்க்க இரண்டு கண்ணும் சேர்ந்துகொள்ளும், ஒன்றின் குறையை இன்னொன்று மூடிவிடும். தீர்ப்புச் சொல்லும்போது மட்டும் அவள் நல்ல கண்ணை இறுக மூடிவிட்டு, கெட்ட கண்ணைக் கேட்டிருக்கிறாள். சங்கிலி உட்காராமல் நின்ற நிற்பு ஞாபகம் வந்தது.

அன்றிரவு அவள் மனசு என்னென்னவோ கணக்குப் போட்டது. பொய் சொல்வானேன்? நாளைக்கு அவனிடம் புது நூல் வாங்கி இடது கண்ணால் பார்த்துவிட்டு, இந்தத் தடவை நூல் சரியாக இருக்கிறது, பெயரை எடுக்க வேண்டாம், எச்சரித்து விடுங்கள் என்று சொல்லிவிட்டால் போதும். சங்கிலி பிழைத்துக்கொள்வான். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் முதல் மூன்று தடவை மட்டமான சாயம் கலந்தவன் என்ற பெயர் அவன் மேல் அப்படியே இருக்கும். கலக்காத சாயத்துக்காகத் திருந்தியவன் ஆகிவிடுவான். ஜோதிமணியாலேயே அதைச் சகிக்க முடியவில்லை.

விடிகாலையில் தங்கமுத்து வந்தபோது, அவள் வீட்டு ஜன்னலில் ஒரு துண்டு நீல நூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் சிராய்ப்பு. நடந்ததைச் சொன்னாள். அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்வார், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று தயாராக இருந்தாள். அவர் அதைச் சொல்லவில்லை. கண்ணில் புரை விழுந்திருக்கும், நீலம் மங்குவதும் கண்ணாடி இல்லாமல் ஊசி கோக்க முடிவதும் அதனால்தான் இருக்கும், மதுரைக்குப் போய்க் காட்டலாம், வேன் இருக்கிறது என்றார்.

"மொதல்ல சங்கம். பெறகு ஆஸ்பத்திரி," என்றாள்.

கமிட்டியில் ஏழு பேர். மேசைமேல் தள்ளுபடியான சிட்டங்கள் குவிந்து கிடந்தன. சங்கிலி கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மதன்குமார் எழுதி வைத்ததை வாசிக்கத் தொடங்கினான். ஜோதிமணி அவனை நிறுத்தச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. நூலில் குற்றம் இல்லை, குற்றம் என் வலது கண்ணில், மூன்று தடவையும் நான்தான் தப்பு என்றாள்.

முதலில் வாயைத் திறந்தவன் சங்கிலி. அவன் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினால் கிடைத்திருக்காது.

"யக்கா, யாரு இப்படிச் சொல்லச் சொன்னது? தங்கமுத்து அண்ணனா?" என்றான். "பாவம் பாத்துக் குடுக்குற நல்ல பேரு எனக்கு வேணாம்க்கா. என் சாயம் நல்ல சாயம்னா அதச் சொல்லுங்க. கண்ணு மேல பழியப் போட்டு என்னயக் காப்பாத்த வேணாம்."

ஆயுசு முழுக்க ஊரையே சந்தேகப்பட்டவள் உண்மையைச் சொன்னால், நம்ப ஆள் இல்லை. ஜோதிமணிக்குக் கோபம்கூட வந்தது. பிறகு அந்தக் கோபம் எப்படிப்பட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. மூன்று மாதமாக இவன் வயிற்றில் எரிந்தது இதுதான்.

"நம்ப வேணாம், அப்பு. சோதிச்சுப் பாரு," என்றாள். "மூணு தடவ தள்ளுனேன்ல. மூணு தடவ பாரு."

சங்கிலி ஒரு கையில் நீலச் சிட்டத்தையும் இன்னொரு கையில் கரைக்கு வைத்திருந்த சாம்பல் சிட்டத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதுகுப் பக்கம் கொண்டுபோய் மாற்றி மாற்றிக் கலைத்துவிட்டு முன்னால் நீட்ட வேண்டும். ஜோதிமணி இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் முஷ்டி வழியாகப் பார்த்து எது நீலம் என்று சொல்ல வேண்டும். அவளே ஏற்பாடு செய்தாள். ஏழு பேரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

முதல் தடவை நீட்டினான். வெகுநேரம் பார்த்தாள். வலது கை என்றாள். அது சாம்பல். மதன்குமார் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டாவது தடவை ஜன்னலுக்கு இன்னும் கிட்டே போய் நின்று பார்த்தாள். இடது கை என்றாள். அதுவும் சாம்பல்.

சங்கிலிக்கு இப்போது விளங்கிவிட்டது. அவன் பெயர் அவனுக்குத் திரும்பிவிட்டது, அதை இனி யாரும் எடுக்க முடியாது. ஆனால் இன்னும் ஒரு தடவை பாக்கி இருந்தது. அதிலும் தப்பினால், ஏழு பேர் பார்க்க, இருபத்தாறு வருஷம் நின்ற ஜன்னலைவிட்டு அக்கா போக வேண்டும். அவன் மேசைப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நூலைக் கலைத்தான். இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம் எடுத்தது. திரும்பி இரண்டு கைகளையும் நீட்டினான். ஏழு பேரும் அவன் கையை விட்டுவிட்டு அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜோதிமணி பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தோராயமாக வலது கை என்றாள்.

"சரியாச் சொல்லிட்டீக," என்றான் சங்கிலி. "நீலந்தான்க்கா. அக்கா கண்ணுக்கு ஒண்ணுமில்ல. வெளிச்சம் பத்தாம ரெண்டு தடவ தப்பிருச்சு, அம்புட்டுத்தான்."

ஏழு பேரும் பெருமூச்சு விட்டார்கள். தலைவர், நல்லதாகப் போயிற்று என்று நாற்காலியை நோக்கித் திரும்பினார். ஜோதிமணி இடது கண்ணைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள். சங்கிலி கைகளைப் பின்னால் கொண்டுபோக ஒரு நொடி தாமதித்துவிட்டான். வலது கையில் ஆனந்தா நீலம். இடது கையிலும் ஆனந்தா நீலம்.

"ஏலே," என்றாள் மெதுவாக. "ரெண்டும் நீலம்."

சங்கிலி தலையைக் குனிந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைக்கக் கை காலியாக இல்லை. ஜோதிமணி அவன் கையிலிருந்த இரண்டு சிட்டங்களையும் வாங்கி மேசையில் வைத்தாள். மூன்றாவதையும் தப்பு என்றே எழுதிக்கொள்ளச் சொன்னாள் மதன்குமாரிடம்.

இருபது வருஷத்தில் சங்கிலி அவளை ஏமாற்றப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள்.